ஜெர்மன் சொல்லட்டைகளை வேறு செயலியிலிருந்து அன்கிக்கு மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சேலத்தில் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு ஜெர்மன் கற்க வருகிறவர்களுக்கு வார இறுதிகளில் நான் உதவி செய்து வருகிறேன். அவர்களில் பலர் ஏ1 என்ற தொடக்க நிலையில் ஒரு செயலியில் அட்டைகளைச் சேர்த்துவிட்டு, பி1 என்ற இடைநிலைக்கு வந்தபின் வேறொரு செயலிக்கு மாற வேண்டிய நிலையில் நிற்கிறார்கள். பழைய செயலி கட்டணம் கேட்கத் தொடங்கியிருக்கும், அல்லது இணையம் இல்லாமல் இயங்காது, அல்லது வகுப்பு முழுவதும் அன்கி என்ற சொல்லட்டைச் செயலிக்கு மாறியிருக்கும்.

நேராக ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஊற்ற முயன்றவர்களே அதிகம் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். இடையில் உங்களுக்கே சொந்தமான ஓர் அட்டவணையை வைத்து, அதைச் செம்மை செய்த பிறகே புதிய செயலிக்குள் நுழையுங்கள். எடுத்துக்காட்டாகக் குவிஸ்லெட்டிலிருந்து அன்கிக்கு மாறுவதைச் சொல்கிறேன். பழைய செயலி வேறாக இருந்தால் இரண்டாம் படி மட்டும் மாறும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கணினி வேண்டும். அன்கியைக் கைப்பேசியில் மட்டும் வைத்துப் படிக்கலாம் என்றாலும், அட்டவணையைச் சரிபார்ப்பதும், அதன் நெடுவரிசைகளை அன்கி அட்டையின் பகுதிகளான புலங்களோடு பொருத்துவதும் சிறிய திரையில் பிழைக்கு இடம் கொடுக்கும். வீட்டில் கணினி இல்லாதவர்கள் நண்பரின் மடிக்கணினியை ஒரு பிற்பகலுக்குக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பிரவுசிங் சென்டரில் செய்வதானால், முடித்ததும் அன்கியிலும் கூகுளிலும் கணக்கிலிருந்து வெளியேற மறக்க வேண்டாம்.

கணினிக்கான அன்கியும் ஆண்ட்ராய்டுக்கான அன்கிட்ராய்டும் இலவசம். ஐபோனுக்கான செயலிக்கு மட்டும் ஒருமுறை பணம் செலுத்த வேண்டும்; அதற்கு மனமில்லாதவர்கள் அன்கிவெப் தளத்தை உலாவியில் திறந்து படிக்கலாம். எல்லாக் கருவிகளையும் இணைப்பது அன்கிவெப் கணக்குத்தான் என்பதால் அதை முதலிலேயே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனம் வெளியிடும் ஏ1 சொற்பட்டியலில் ஏறத்தாழ 650 சொற்களும், பி1 பட்டியலில் ஏறத்தாழ 2400 சொற்களும் உள்ளன. ஏ1 அளவிலான அட்டவணையைச் செம்மை செய்ய ஒரு பிற்பகல் போதும். பி1 அளவுக்கு இரண்டு மூன்று நாள்கள் ஒதுக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

2. பழைய செயலியிலிருந்து சொற்களை எடுத்தல்

குவிஸ்லெட்டை உலாவியில் திறந்து, நீங்கள் உருவாக்கிய தொகுப்பின் மூன்று புள்ளிப் பட்டியில் எக்ஸ்போர்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையில் எந்தக் குறி வர வேண்டும் என்று கேட்கும்போது, காற்புள்ளியை விட்டுவிட்டு டேப்பைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் பொருள் எழுதும்போது 'வலி, நோவு' என்று காற்புள்ளி இட்டே எழுதுகிறோம். காற்புள்ளியைப் பிரிப்பானாக வைத்தால் 'வலி' ஒரு கட்டத்திலும் 'நோவு' அடுத்த கட்டத்திலும் போய் உட்காரும்.

இப்படி வெளியே வருவது எழுத்து மட்டுமே. ஒலியும் படமும் வராது, எந்தச் சொல் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்ற கணக்கும் வராது. ஆகவே பழைய கணக்கை மூடுமுன், அதில் நன்கு தெரிந்தவை எவை, தடுமாறுபவை எவை என்று காட்டும் பக்கத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படியிலும் ஒன்பதாம் படியிலும் அது தேவைப்படும்.

தொகுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பாட எண்ணைப் பெயராகக் கொண்ட தனித்தனிக் கோப்புகளில் சேமியுங்கள். மொத்தமாக ஒட்டிவிட்டால் எந்தச் சொல் எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்பது பிறகு தெரியாமல் போகும்.

3. நடு அட்டவணையை அமைத்தல்

அதிக நேரம் எடுக்கும் படி இதுவே. எக்செல், லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. எனக்குக் கூகுள் ஷீட்ஸ் வசதி, ஏனென்று நான்காம் படியில் தெரியும். எழுத்தை ஒட்டுவதற்கு முன்பாகவே எல்லா நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து அவற்றின் வகையை 'வெறும் எழுத்து' என்று மாற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்றுவதால் பயனில்லை, ஏனெனில் சேதம் ஒட்டும்போதே நடந்துவிடுகிறது.

என்ன சேதம் என்பதை ஒரு வரியை வைத்துக் காட்டுகிறேன். 'டேர் ஷ்மெர்ட்ஸ்' என்றால் வலி. அதன் பன்மையை அகராதி முறைப்படி '-என்' என்று விகுதியை மட்டும் குறிப்பார்கள். கழித்தல் குறியில் தொடங்கும் அதை எக்செல் ஒரு சூத்திரம் என்று எண்ணிக்கொண்டு, அந்தக் கட்டத்தில் '#நேம்?' என்ற பிழைச்சொல்லைப் போட்டுவிடும். அறுநூறு சொற்களின் பன்மை விகுதிகள் இப்படி ஒரே நொடியில் அழிந்த அட்டவணையை ஒரு மாணவி கொண்டுவந்திருந்தார். அவர் அதைச் சேமித்தும் விட்டிருந்ததால் மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. '1-2' போன்றவை தேதியாக மாறுவதும், எண்ணின் முன்னால் நிற்கும் பூச்சியம் காணாமல் போவதும் இதே காரணத்தால்தான்.

நான் வைக்கும் நெடுவரிசைகள் ஏழு: அடையாள எண், சொல், பன்மை, பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம், ஒலி, நிலை. நிலை என்பது அந்தச் சொல் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது; திரைப்பிடிப்பைப் பார்த்து அதை இப்போதே நிரப்பிவிடுங்கள். இந்த ஏழில் அடையாள எண்ணைத் தேவையற்றது என்று புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதனால் வரும் தொல்லையைப் பாருங்கள்.

அன்கி, முதல் புலத்தில் இருப்பதை வைத்தே ஓர் அட்டை புதியதா பழையதா என்று முடிவு செய்கிறது. ஜெர்மனில் 'ஸே' என்ற சொல் ஆண்பாலாக, 'டேர் ஸே' என்று வந்தால் ஏரி. பெண்பாலாக, 'டீ ஸே' என்று வந்தால் கடல். பால்சொல்லைத் தனிக் கட்டத்தில் பிரித்துவிட்டு 'ஸே' என்பதை முதல் புலமாக வைத்த ஒருவர், மூன்றாம் பாடத்தில் ஏரியை ஏற்றினார். பல நாள் கழித்து எட்டாம் பாடத்தில் கடலை ஏற்றியபோது அன்கி அதைப் பழைய அட்டையின் திருத்தம் என்று கொண்டு, ஏரியின் மேல் கடலை எழுதிவிட்டது. ஏற்காட்டிலிருந்து வரும் அவருக்கு ஏரி மறைந்துபோனது வகுப்பில் பல நாள் கேலிக்கு உரியதாயிற்று.

அடையாள எண் முதல் புலமாக இருந்தால் இந்தக் குழப்பம் நேராது. பாடத்துக்கு இரண்டு இலக்கம், சொல்லுக்கு மூன்று இலக்கம் வைத்து, முன்னால் ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்து 'எல்03017' என்பது போல அமையுங்கள். எழுத்தில் தொடங்குவதால் முன்பூச்சியம் அழியாது. இன்னொரு நன்மையும் உண்டு. ஆறு மாதம் கழித்து ஒரு பொருளைத் திருத்த விரும்பினால், அட்டவணையில் திருத்தி மீண்டும் ஏற்றினாலே போதும். அன்கி எண்ணைப் பார்த்து அந்த அட்டையின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றும், உங்கள் படிப்புக் கணக்கைத் தொடாது. எண்ணை ஒருமுறை கொடுத்தபின் மாற்றவும் கூடாது, நீக்கிய சொல்லின் எண்ணை வேறு சொல்லுக்குக் கொடுக்கவும் கூடாது.

பால்சொல்லைத் தனியே பிரிக்காமல் சொல்லோடு சேர்த்தே வைக்கும்படி சொல்கிறேன். 'டேர்', 'டீ', 'டாஸ்' என்பவை சொல்லின் பகுதியாக நாவில் பழக வேண்டும். பிரித்து வைத்தால் அட்டையில் அவற்றை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள்.

பொருள் நெடுவரிசையில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. பழைய பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பொருளோடு வந்தவை. ஜெர்மனில் ஒருவரை நெருக்கமாக அழைக்க 'டூ', நெருக்கமான பலரை அழைக்க 'ஈர்', மரியாதையாக அழைக்க 'ஸீ' என்று மூன்று சொற்கள் இருக்க, ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'யூ' ஒன்றே நிற்கிறது. பொருளைப் பார்த்துச் சொல்லைக் கூற வேண்டிய அட்டையில் 'யூ' என்று மட்டும் இருந்தால் எதைச் சொல்வது? தமிழில் 'நீ', 'நீங்கள், பலரை', 'நீங்கள், மரியாதையாக' என்று எழுதிவிட்டால் ஐயமே எழாது. இதற்காகவே மொழிபெயர்ப்புக் கருவியில் நெடுவரிசை முழுவதையும் போட்டு எடுக்க வேண்டாம் என்கிறேன். ஆங்கிலம் வழியாக வந்த அந்தத் தமிழில் மூன்றும் 'நீங்கள்' என்றே ஆகிவிடும். மாற்றும்போது தமிழில் நீங்களே எழுதுங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் அந்த எழுத்துவேலையிலேயே பாதிச் சொற்கள் மீண்டும் மனத்தில் பதிந்துவிடும்.

4. தமிழ் எழுத்துகள் சிதையாமல் காத்தல்

மூன்று வகைச் சிதைவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, வகுப்பில் கொடுக்கப்படும் பழைய சொற்பட்டியல்கள் பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருப்பது. அச்சில் தமிழாகத் தெரியும். அட்டவணையில் ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாக மாறும். அவற்றை எழுத்துருமாற்றி ஒன்றின் வழியாக யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது கொம்பு இடம் மாறுவது. 'தொண்டை' என்று இருந்தது 'ெதாண்டை' என்று வந்து நிற்கும். இதை ஒரே கட்டளையில் திருத்த முடியாது. சில சொற்களானால் புதிதாகத் தட்டச்சு செய்துவிடுவதே விரைவானது.

மூன்றாவது, சேமிக்கும் முறையால் வருவது. எக்செலில் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், கோப்பை மூடித் திறக்கும் வரை அது கண்ணுக்கும் தெரியாது. 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இந்தக் கவலையே இல்லை: ஃபைல் பட்டியில் டவுன்லோடு என்பதன் கீழ் டேப்பால் பிரிக்கப்பட்ட கோப்பைத் தேர்ந்தெடுத்தால், அது யுடிஎஃப்-8 முறையிலேயே இறங்கும்.

சேமித்த கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரி, கடைசி வரி, நடுவில் ஏதேனும் ஒரு வரி ஆகியவற்றைப் பாருங்கள். அங்கு தமிழும் ஜெர்மன் புள்ளியெழுத்துகளும் (மேலே இரு புள்ளி உடையவை) சரியாகத் தெரிந்தால் அன்கியிலும் சரியாகத் தெரியும். மேற்கோள் குறியில் தொடங்கும் கட்டம் ஏதேனும் இருந்தால் அந்தக் குறியை நீக்கிவிடுங்கள். மூடும் குறி இல்லாத ஒரு மேற்கோள், அதற்குப் பின்வரும் பல வரிகளை விழுங்கி ஒரே அட்டைக்குள் திணித்துவிடும்.

5. ஒலிக்கோப்புகளைச் சேர்த்தல்

உங்கள் கைப்பேசிக்கு ஜெர்மன் குரல் இருந்தால், அட்டையின் தோற்றத்தை வரையறுக்கும் அன்கியின் வார்ப்புருவிலேயே எழுத்தை வாசிக்கும் கட்டளையைச் சேர்த்து இந்தப் படியைத் தாண்டிவிடலாம். ஆசிரியரின் குரலில் பதிந்த கோப்புகள் உள்ளவர்கள் மட்டும் தொடருங்கள்.

ஒவ்வொரு ஒலிக்கோப்புக்கும் அடையாள எண்ணையே பெயராக வையுங்கள். தமிழ் எழுத்தோ இடைவெளியோ புள்ளியெழுத்தோ பெயரில் இருந்தால் ஒரு கருவியில் ஒலித்து மற்றொன்றில் ஒலிக்காமல் போகும் வாய்ப்பு உண்டு. கோப்புகளை அன்கியின் 'கலெக்‌ஷன்.மீடியா' என்ற அடைவில் நேரடியாக இடுங்கள். பாடவாரியாக உள்ளடைவுகள் அமைத்தால் அன்கி அவற்றைப் பார்க்காது. ஒலி நெடுவரிசையில் சதுர அடைப்புக்குள் சவுண்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, கோப்பின் முழுப்பெயரை அதன் பின்னொட்டோடு எழுத வேண்டும். அடையாள எண் இருப்பதால் இதை ஆறு நூறு முறை தட்ட வேண்டியதில்லை. ஒரு சூத்திரத்தை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் போதும். அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் வெறும் எழுத்து வகையிலிருந்து விடுவித்துக்கொள்ளுங்கள்.

6. அன்கியில் புலங்களை அமைத்தல்

அன்கியில் அட்டை என்பது வேறு, குறிப்பு என்பது வேறு. அட்டவணையின் ஒரு வரி ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பிலிருந்து எத்தனை அட்டைகள் பிறக்க வேண்டும் என்பதை வார்ப்புரு முடிவு செய்கிறது. டூல்ஸ் பட்டியில் நோட் டைப்ஸ் பகுதிக்குச் சென்று, முன்னும் பின்னுமாக இரண்டு அட்டைகள் தரும் வகையின் நகலை உருவாக்கி, நிலை நீங்கலாக உள்ள ஆறு நெடுவரிசைகளின் பெயரில் அதே வரிசையில் புலங்களைச் சேருங்கள். நகலோடு வந்த இரண்டு புலங்களைப் பெயர் மாற்றிப் பயன்படுத்தலாம். அடையாள எண் முதல் புலமாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பின்னர் வார்ப்புருவைத் திறந்து, சொல்லிலிருந்து பொருளுக்கு ஒன்றும் பொருளிலிருந்து சொல்லுக்கு ஒன்றுமாக முன்பக்கங்களைச் சரிசெய்யுங்கள். அடையாள எண் எந்தப் பக்கத்திலும் தெரிய வேண்டியதில்லை.

இரு திசைகளிலும் வைத்தால் 600 சொற்கள் 1200 அட்டைகளாகும் என்பதை மறக்க வேண்டாம். மருத்துவமனையில் பேசப் போகிறவர்களுக்குப் பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்லும் அட்டையே முதன்மையானது என்பது என் எண்ணம்.

7. ஒத்திசைவின் வரிசை

ஏற்கெனவே கைப்பேசியில் அன்கியை வைத்துச் சில அட்டைகளைப் படித்து வருபவர்கள், ஆறாம் படிக்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும்.

முதலில் கைப்பேசியில் ஒத்திசைவு செய்து அங்குள்ளதை அன்கிவெப்புக்கு அனுப்புங்கள். அடுத்து கணினியில் அதே கணக்கில் நுழைந்து ஒத்திசையுங்கள். இரு பக்கமும் வேறுபட்டால் மேலேற்றுவதா கீழிறக்குவதா என்று கேட்கும், அப்போது கீழிறக்குவதைத் தேர்ந்தெடுங்கள். புலங்களை அமைத்து அட்டைகளை ஏற்றியபின் கணினியிலிருந்து மேலேற்றுங்கள். கடைசியாகக் கைப்பேசியில் கீழிறக்குங்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் மறுபக்கத்தில் உள்ளது முழுவதும் அழிந்துவிடும். நானே ஒருமுறை, வெறுமையாக இருந்த புதிய கணினியிலிருந்து அவசரத்தில் மேலேற்றி, கைப்பேசியிலும் அதை ஒப்புக்கொண்டு, மூன்று மாதக் கணக்கை இழந்திருக்கிறேன். அதிலிருந்து, ஃபைல் பட்டியில் காப்பு நகலை உருவாக்கும் கட்டளையை அழுத்தாமல் எந்தப் பெரிய மாற்றத்தையும் தொடுவதில்லை.

8. பத்து வரிகளில் ஒத்திகை, பிறகு முழு ஏற்றம்

அட்டவணையின் பத்து வரிகளை மட்டும் தனிக்கோப்பாக எடுத்து, ஃபைல் பட்டியில் இம்போர்ட் வழியாக ஏற்றிப் பாருங்கள். திறக்கும் சாளரத்தில் பிரிப்பான் டேப் என்று இருக்கிறதா, நீங்கள் உருவாக்கிய குறிப்பு வகை தேர்வாகியிருக்கிறதா, சரியான அட்டைக் கட்டுக்குள் (டெக்) போகிறதா, ஒவ்வொரு நெடுவரிசையும் தன் புலத்தோடு பொருந்தியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். நிலை என்ற நெடுவரிசையைப் புலத்தோடு பொருத்தாமல், குறிச்சொற்கள் என்பதோடு பொருத்துங்கள். குறிச்சொல்லுக்குள் இடைவெளி இருந்தால் அது இரண்டாகப் பிளந்துவிடும் என்பதால் 'தெரியும்', 'தடுமாற்றம்', 'புதிது' என்று ஒற்றைச் சொற்களையே வைத்திருங்கள்.

பத்தும் சரியாக வந்தால் முழுக் கோப்பையும் ஏற்றுங்கள். அந்தப் பத்து மீண்டும் வருமே என்று அஞ்ச வேண்டாம். அடையாள எண் ஒன்றாக இருப்பதால் அவை புதுப்பிக்கப்படுமே தவிர இரட்டிக்காது.

ஏற்றி முடித்ததும் கட்டைத் திறந்தால் 20 புதிய அட்டைகள் மட்டுமே தெரியும். மீதி தொலைந்துவிட்டது என்று பதறி, வேறு கட்டில் வேறு வகையில் மீண்டும் மீண்டும் ஏற்றியவர்கள் உண்டு. எதுவும் தொலையவில்லை; நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்பது அன்கி தொடக்கத்தில் வைத்திருக்கும் வரம்பு. பிரௌஸ் சாளரத்தைத் திறந்தால் மொத்த எண்ணிக்கை தெரியும். ஒரு வரிக்கு இரண்டு அட்டைகள் என்பதால் அது அட்டவணையின் வரி எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு இருக்கிறதா என்று பார்த்து, பிறகு டூல்ஸ் பட்டியில் செக் மீடியாவை அழுத்தி, இல்லாத ஒலிக்கோப்புகளின் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

9. பழைய முன்னேற்றத்தை மீட்டுக்கொள்ளுதல்

பழைய செயலியின் கணக்கு வராது என்று சொன்னேன். அதனால் முன்பே தெரிந்த நானூறு சொற்களையும் புதியவை போல நாள்தோறும் இருபது இருபதாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாம் படியில் எடுத்து வைத்த திரைப்பிடிப்பை வைத்து, நிலை நெடுவரிசையை ஏழாம் எட்டாம் படிகளுக்கு முன்பே நிரப்பியிருந்தால் இப்போது வேலை எளிது.

பிரௌஸ் சாளரத்தில் 'தெரியும்' என்ற குறிச்சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதில் உள்ள அட்டைகள் அனைத்தையும் குறித்து, கார்ட்ஸ் பட்டியில் செட் டியூ டேட் என்பதில் '1-60' என்று கொடுங்கள். அன்கி அவற்றை அடுத்த அறுபது நாள்களுக்குள் பரவலாகத் தூவிவிடும். இரு திசைகளிலும் சேர்த்து 800 அட்டைகள் என்றால் நாளொன்றுக்குச் சராசரியாக 13 அல்லது 14 வரும். 'தடுமாற்றம்' என்பதற்கு '1-14' கொடுக்கலாம். 'புதிது' என்பவற்றைத் தொட வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே தேதியைக் கொடுத்து, ஒரு திங்கட்கிழமை காலையில் எண்ணூறு அட்டைகள் முன்னால் வந்து நிற்கச் செய்துகொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

10. வகுப்புத் தோழருக்குக் கொடுக்கும்போது

அந்த அட்டைக் கட்டை மட்டும் ஏபிகேஜி வகைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, படிப்புக் கணக்கைச் சேர்க்கும் தேர்வை நீக்கிவிட்டுக் கொடுங்கள்; இல்லையென்றால் உங்கள் தேதிகள் அவருக்கும் போய்விடும். கோல்பிகேஜி வகையைக் கொடுக்கவே கூடாது. அது உங்கள் அன்கி முழுவதையும் உள்ளடக்கியது, அதைத் திறப்பவரின் சொந்த அட்டைகள் அனைத்தின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பிறர் தொகுத்த பாடங்களையோ பாடநூலின் ஒலியையோ உங்கள் படிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பொதுவில் பகிர வேண்டாம்.

11. பழைய கணக்கை மூடுமுன் ஒரு சோதனை

குறிப்புகளும் ஒலியும் தனித்தனியாக ஒத்திசைகின்றன. அட்டைகள் உடனே வந்தாலும் ஒலி வந்துசேர நேரமாகும். அன்கிட்ராய்டில் ஒலியை வைஃபையில் மட்டும் இறக்கும்படி அமைத்திருந்தால், மொபைல் டேட்டாவில் எத்தனை முறை ஒத்திசைத்தாலும் அது வராது. ஆகவே வீட்டு வைஃபையில் ஒத்திசைத்து முடித்துவிட்டு, கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி இருபது அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். ஒலியும் எழுத்தும் குறையின்றி வந்தால் பாடம் முழுவதும் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஏற்காட்டுக்குத் திரும்பும் மாணவர்களிடம் இந்தச் சோதனையைப் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே செய்யச் சொல்கிறேன். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பல இடங்களில் சிக்னல் நிலையாக இருப்பதில்லை.

பழைய கணக்கை மட்டும் இரண்டு வாரங்களுக்கு அப்படியே விட்டு வையுங்கள். அட்டவணையில் ஏதேனும் ஒரு பாடம் விடுபட்டிருந்தால், பெரும்பாலும் அந்த இரண்டு வாரங்களுக்குள் தெரிந்துவிடும்.